புரட்டாசியில் எங்கள் வீட்டுக் கோழியைத் தின்றது யார்

எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்துவிட்டால் கோழிகளுக்கு நிம்மதி. ஆவணி கடைசி நாளன்றே என் மனைவி கறிச்சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவாள். மாதம் முழுக்க முட்டைகூடக் கிடையாது. மற்ற மாதங்களில் அவள் கொல்லைக் கதவைத் திறந்தாலே நாலா பக்கமும் சிதறுகிற கோழிகள், புரட்டாசியில் அவள் காலடியிலேயே நின்று முகத்தை ஏறிட்டுப் பார்க்கும். கோழிக்குக் காலண்டர் தெரியும் என்று நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நான் எட்டாவது வரை படித்தவன்தான். ஆனாலும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

மகளுக்குக் கல்யாணம் ஆன வருடத்துப் புரட்டாசியில் அந்த நிம்மதி கெட்டது. விரதம் இருக்காத யாரோ ஒருவர் எங்கள் கொல்லைக்கு வந்துபோக ஆரம்பித்தார்.

அப்போது நாங்கள் திருவிடந்தைக்குப் பக்கத்தில், ஈசிஆர் ரோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற தெருவில் குடியிருந்தோம். ரோட்டோரம் எனக்குப் பஞ்சர் கடை. முதலில் சைக்கிள் மட்டும் வந்தது. ரோடு அகலமானபின் பைக்கும் காரும் வந்தன, பெருமாள் புண்ணியத்தில் அடுப்பு எரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் சவுக்குத்தோப்பு, அதற்குப் பின்னால் கடல். கோழி தின்கிற ஜீவன் எதுவானாலும் எங்கள் வீடு அதற்குப் போகிற வழியிலேயே இருந்தது.

மகளை ஊரப்பாக்கத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் பேச்சு குறைவு. ஏதாவது கேட்டால் "சரிங்க மாமா" என்பார். அதற்குமேல் வாங்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கச் சம்பந்தியம்மாள் இருந்தார். ஆவணியில் கல்யாணம் முடிந்து, மண்டபத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சமையல் பேச்சு வந்தது. நாட்டுக்கோழி என்று இப்போது எங்கேயுமே கிடையாது, பிராய்லர்மேல் மஞ்சள்தூள் தடவி நாட்டுக்கோழி என்று விற்கிறார்கள், கிராமத்தில் இருப்பவர்களும் அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பெருமை பேசுகிறார்கள் என்று சம்பந்தியம்மாள் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார். என் மனைவிக்கு அது பொதுவாகக் கேட்கவில்லை.

"தலை தீவாளிக்கு மாப்ள வருவாருல்ல சம்பந்தி," என்றாள். "என் கையால வளத்த சேவலத்தான் அவரு எலையில வெப்பேன். கடக்கோழிய வெச்சேன்னா, நீங்க இன்னா பேரு வெச்சு வேணா என்னக் கூப்புடுங்க."

மேளக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே, பார்க்கலாம் என்றார்.

அந்தப் "பார்க்கலாம்"தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. எங்கள் கொல்லையில் அப்போது இருந்தவை ஒரு செவப்புச் சேவல், ஒரு கருஞ்சேவல், கொஞ்சம் பெட்டைகள், அப்போதுதான் பொரித்த குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழி. செவப்புச் சேவல் மாப்பிள்ளைக்கு என்று மனைவி அன்றைக்கே பேர் எழுதிவிட்டாள். ஐப்பசியில் தீபாவளி. நடுவில் புரட்டாசி. நாங்கள் யாரும் தொடப்போவதில்லை என்பதால் கோழிகளுக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்தோம்.

முதலில் போனவை குஞ்சுகள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் தளிகை. தலைவாழை இலை விரித்து, சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை, சுண்டல் எல்லாம் வைத்து, மாவிளக்கு ஏற்றி, நான் சங்கு ஊதிக் கோவிந்தா போட்டேன். கற்பூரம் காட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தால் ஆகாயத்தில் கருடன். வெள்ளைக் கழுத்து, செங்கல் நிறத்து இறக்கை. எங்கள் கொல்லைக்கு நேர்மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. தளிகை போட்ட வேளைக்குக் கருடன் வந்து சேவை சாதிப்பது எல்லாருக்கும் கிடைக்கிற பாக்கியமா? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ஐஸ்காரரையும் கூப்பிட்டேன். குப்பத்து மீன் ஏலத்தில் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுவது அவர் வேலை. அதனால் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கைகூப்பிக் கண்ணை மூடினோம். நான் கொஞ்சம் நீளமாகவே மூடியிருந்தேன். மகள், மாப்பிள்ளை, கடை, முழங்கால் வலி என்று சொல்லவேண்டியது நிறைய இருந்தது.

கண்ணைத் திறந்தபோது கருடன் சவுக்குத்தோப்புக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. காலில் மஞ்சளாக ஏதோ தொங்கியது. தாய்க்கோழி கத்திக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஐஸ்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணாத்த, பெருமாள் வண்டி டீசல் போட்டுகினு போவுது."

அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அவரைக் கண்டித்தேன். ஏதோ தவறுதலாக நடந்திருக்கும் என்றும் சொன்னேன். மறுநாளும் தவறுதல் நடந்தது. அதற்கு மறுநாளும்.

கருடன்மேல் கல் எறிய என்னால் முடியாது. சின்ன வயதிலிருந்து கருடனைக் கண்டால் என் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். அதுதான் தொல்லை. அது தாழ வரும்போது நான் ஓடிப்போய்க் குஞ்சுகளை விரட்டிக் கூடைக்குள் தள்ளவேண்டும். ஆனால் முதல் வேலையாகக் கைதான் குவிகிறது. கை குவிந்தால் கண் மூடுகிறது. இரண்டையும் முடித்துவிட்டு ஓடுவதற்குள் கருடன் காரியத்தை முடித்துவிடுகிறது. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "கும்புடறத ஓடிகினே கும்புடு," என்றாள். அதையும் செய்து பார்த்தேன். துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டேன்.

பெருமாளே ஒரு வழி காட்டினார். சனிக்கிழமைகளில் மனைவி காக்கைக்குச் சோறு வைப்பாள். அப்படிக் காக்கைகள் கூடியிருந்த ஒரு வேளையில் கருடன் தாழ வந்தது. காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிக் கருடனைக் கொத்திக் கொத்திக் கடல் வரைக்கும் துரத்திவிட்டு வந்து மிச்சச் சோற்றைத் தின்றன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் சனிக்கிழமை. காலையில் சோறு, மத்தியானம் சோறு, சாயங்காலம் இட்லி. என்னுடைய நியாயம் இது: காக்கை சனி பகவானுடைய வாகனம், கருடன் பெருமாளுடைய வாகனம். வாகனத்துக்கும் வாகனத்துக்கும் ரோட்டில் தகராறு என்றால் பஞ்சர் கடைக்காரன் நடுவில் போகக்கூடாது.

இதோடு ஐஸ்காரர் ஒரு யோசனை சொன்னார். பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளிச்சென்று அடித்துப் பறவை கிட்டே வராதாம். என்னிடம் பக்திப் பாட்டு சிடிகள் கொஞ்சம் இருந்தன. கோழி எச்சமிடுகிற இடத்தில் சாமி பாட்டைத் தொங்கவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று மனைவி பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஐஸ்காரர் தன் வீட்டிலிருந்து சினிமா சிடிகளைக் கொண்டுவந்து கட்டினார். கருடன் பயந்ததா தெரியாது. கருஞ்சேவல் அதில் தன் மூஞ்சியைப் பார்த்து, இன்னொரு சேவல் வந்துவிட்டது என்று சண்டைக்குப் போனது. நாள் முழுக்கச் சிடியோடு சண்டை. களைத்துப்போய் மாலையில் கூண்டுக்குள் முதல் ஆளாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஐஸ்காரர் வேறு, ஞாயிற்றுக்கிழமையானால் வந்து, இந்தப் படத்தை மட்டும் ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிவிடுகிறேன் என்று அவிழ்த்துக்கொண்டு போவார்.

குஞ்சுகள் பாதி மிஞ்சின. அப்பாடா என்று இருந்தபோது பெரிய கோழிகள் போக ஆரம்பித்தன.

கூண்டு நான் அடித்தது. பழைய மீன்பெட்டிப் பலகைகள். சந்து கொஞ்சம் தாராளம். ஒருநாள் காலையில் மனைவி கூண்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். ஒரு பெட்டைக்கோழி படுத்திருந்தது. தலை இல்லை. மற்றபடி உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

சொல்லாமலேயே ஐஸ்காரர் வந்துவிட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போலீஸ்காரர்கள்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டார்கள். பிறகு எழுந்து நின்று விரல்விட்டு எண்ணினார். "தல மட்டும் பூட்ச்சின்னா மரநாயி. கழுத்துல ரத்தம் குடிச்சா கீரி. எறக கொட்டிகினு கெடந்தா காட்டுப்பூன. ஒண்ணுமே இல்லாம காலியா கீதுன்னா, மனுசன்."

எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. தீர்ப்பு மரநாய் என்று ஆனது. இருந்ததில் பெரிய சந்தாகப் பார்த்துத் தகரம் வைத்து அடைத்தேன்.

அடுத்த கோழி போனபோது தலை இருந்தது, கழுத்தில் ரத்தம் இருந்தது. கீரி என்றார். அதற்கடுத்தது, வேலி ஓரம் முழுக்க இறகு. காட்டுப்பூனை என்றார். அதற்குப் பிறகு ஒரு பெட்டை அடையாளமே இல்லாமல் போய்விட்டது. ஐஸ்காரர் தெருவை ஒரு பார்வை பார்த்து, குரலைத் தாழ்த்தி, மனுசன் என்றார். எந்த மனுசன் என்று மனைவி கேட்டாள். அதற்கு அவர் விதியில் இடமில்லை.

"ஒரு கொல்லைக்கு இத்தினி பேரா வருவாங்க?" என்றாள் மனைவி. "கல்யாணப் பந்தி மாதிரி முறை வெச்சுகினா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. அடுத்தது செவப்புச் சேவல் என்றுதான் ஒவ்வொரு காலையும் கூண்டைத் திறந்தாள். வாரத்துக்கு ஒருதரம் மகள் பக்கத்துத் தெரு எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்வாள். ஒருதரம், மாமியார் சும்மா கேட்கச் சொன்னார், சேவல் நன்றாக இருக்கிறதா என்றாள். மனைவி அன்றைக்கு ராச்சாப்பாடு சாப்பிடவில்லை. ஒருபொழுது என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒருபொழுது இல்லை. எனக்குத் தெரியும்.

வருவது யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடியும். கூண்டைச் சுற்றிலும் மாவைத் தூவிவைத்தால் கால்தடம் விழும், தடத்தை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன நல்ல யோசனைகளில் அது ஒன்று. மனைவி உற்சாகமாக ஒரு படி மாவைக் கூண்டைச் சுற்றித் தூவினாள். சும்மா தூவவும் அவளுக்கு மனசு வரவில்லை. நடுநடுவே புள்ளி வைத்து இழையும் போட்டுவிட்டாள். காலையில் போய்ப் பார்த்தால் மாவே இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. ஐஸ்காரர் தரையைத் தடவிப் பார்த்து, இது நமக்குமேல் விவரமான ஆளு, தடயத்தை அழித்துவிட்டுப் போகிறான் என்று பயப்பட ஆரம்பித்தார்.

அப்போது கருஞ்சேவல் அலகைத் துடைத்துக்கொண்டு எங்களைக் கடந்துபோனது. மூஞ்சியெல்லாம் வெள்ளை.

புரட்டாசி மாதத்தில் வாசலுக்குப் பச்சரிசி மாவில்தான் கோலம் போடுவது என் மனைவியின் பழக்கம். எறும்புக்கும் குருவிக்கும் ஆகும் என்ற புண்ணியக் கணக்கு. கூண்டைச் சுற்றியும் அதையேதான் தூவியிருந்தாள். விடிந்ததும் கூண்டிலிருந்து வந்த கோழிகள் தங்கள் கூட்டாளிகளைக் கொன்றவனுடைய தடயத்தையெல்லாம் சுத்தமாகத் தின்று தீர்த்துவிட்டன.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து கோழி கொத்தாத கல்மாவு வாங்கிவந்து, புள்ளி கோலம் எதுவும் வேண்டாம் என்று வேலி வரைக்கும் நானே தூவினேன். காலையில் தடம் இருந்தது. வேலியிலிருந்து நேராகக் கூண்டு வரைக்கும், திரும்ப வேலி வரைக்கும். ஒரே ஆள்தான். ஐந்து விரல். உள்ளங்கைகூடத் தெரிந்தது.

ஐஸ்காரர் அதைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனார். "அண்ணாத்த, கைக்கொழந்த கை மாதிரி கீது." மனைவி உள்ளே போய்க் கற்பூரம் எடுத்துவந்து ஏற்றினாள். அந்த நேரம் பார்த்துத் தெருப்பூனை ஒன்று அந்த மாவு வழியாகவே நடந்துபோனது. குனிந்து பார்த்தேன். பூனைக்கு நாலு விரல்தான் பதிந்திருந்தது. அப்படியானால் இது பூனை இல்லை. நாய்க்கும் நாலுதான். வேலியைத் தாண்டி மணலில் தடம் போன வழியில் போய்ப் பார்த்தோம். தோப்பு ஓரத்துப் பனைமரத்தடியில் போய் முடிந்தது. மட்டைக்குள் கருப்பாக ஒரு வால் தொங்கியது. மரநாய். கொன்ற ஒவ்வொரு கோழியையும் வேறு வேறு விதமாகக் கொன்றிருக்கிறது. ஐஸ்காரர், முதல் நாளே நான் சொன்னேன் பாத்தியா என்றார். சொன்னார்தான். மற்ற எல்லாரையும் சேர்த்துச் சொன்னார்.

வெல்டிங் கடையில் சொல்லி, பழைய கம்பிகளை வைத்து, எலிப்பொறிக்குப் பெரியண்ணன் போல ஒரு கூண்டு செய்தேன். உள்ளே இரை வைக்கவேண்டும். ஐஸ்காரர் ஒரு கவளைக் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வேலியருகே நின்றார். மனைவி அவரை வேலியோடு நிறுத்திவிட்டாள். புரட்டாசியில் கருவாடு இந்த வேலியைத் தாண்டாது என்றாள். மரநாய்க்குத்தானே அண்ணி என்று அவர் கெஞ்சினார். யாருக்காக இருந்தாலும் தாண்டாது. நானும் அவள் பக்கம்தான். இத்தனை வருட விரதத்தை ஒரு மரநாய்க்காகக் கெடுத்துக்கொள்ள முடியுமா?

அன்று சனிக்கிழமை. தளிகை மிச்சம் இருந்தது. மனைவி ஒரு இலைத்துண்டில் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு வாழைப்பழமும் வைத்துக் கூண்டுக்குள் தள்ளினாள். ஐஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கோழி ரத்தம் குடிக்கிற ஜென்மத்துக்கு நெய் பொங்கலா? ஒரு வடையும் வெச்சுட்டின்னா ஓட்டல்னு போர்டு மாட்டிக்கலாம்."

மனைவி உள்ளே போய் ஒரு வடையும் கொண்டுவந்து வைத்தாள்.

விடிந்து போய்ப் பார்த்தோம். கூண்டுக் கதவு விழுந்திருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுற்றிக் கருப்பு மைதீட்டியதுபோல் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. இலையை வழித்து நக்கியிருந்தது. பழத்தோல் தனியாகக் கிடந்தது. வடையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கியது. மரநாய்க்குப் பழம் என்றால் உயிர் என்று பிறகு யாரோ சொன்னார்கள். எங்களுக்கு அப்போது தெரியாது. பெருமாள் பிரசாதத்துக்குக் கட்டுப்பட்டது என்றே இன்றுவரை என் மனைவி சொல்கிறாள். நான் மறுப்பதில்லை.

ஐஸ்காரர் ஒரு தடியோடு வந்தார். மனைவி விடவில்லை. புரட்டாசியில் ஒரு உயிரைக் கொல்லக்கூடாது. அதுவும் சாமி பிரசாதம் சாப்பிட்ட உயிரை அடிக்கவே கூடாது. கோழிகளை இழந்தவள் அவள்தான், அவளே சொன்னபின் எங்களுக்கு என்ன? எங்கேயாவது தூரத்தில் விட்டுவருவது என்று முடிவானது. முட்டுக்காட்டு உப்பங்கழியைத் தாண்டி விட்டால் தண்ணீரைத் தாண்டித் திரும்பி வராது என்பது ஐஸ்காரர் கணக்கு. மோட்டார் படகு வாடகைக்கு எடுத்தால் ஒழிய என்றும் சேர்த்துக்கொண்டார்.

என் மொபெட்டில் பின்னால் ஐஸ்காரர், அவர் மடியில் கூண்டு. கிளம்புகிற நேரம் மனைவி ஓடிவந்து கூண்டுக்குள் இன்னொரு வாழைப்பழத்தைப் போட்டாள். வழிக்கு என்றாள். படகுத்துறை வாசலில் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் ஒன்று எங்களை நிறுத்திவிட்டது. இது என்ன, குட்டிச் சிறுத்தையா என்று அந்த அம்மாள் கேட்டார். ஐஸ்காரர் கூண்டை உயர்த்திப் பிடித்து, இது சைவம் என்று விளக்க ஆரம்பித்தார். பத்திரமாகப் பாலத்தைத் தாண்டி ஒரு தோப்பில் கூண்டைத் திறந்தோம். அது வரவில்லை. பழத்தை முழுசாக முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டது. கூண்டைச் சாய்த்துத் தட்டினோம். இறங்கி நின்று, இவ்வளவுதானா என்பதுபோல் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் புதருக்குள் போனது.

அதற்குப் பிறகு கோழி எதுவும் போகவில்லை. ஆனால் மனைவிக்குப் பயம் போகவில்லை. குப்பத்திலிருந்து கிழிந்த நைலான் வலை கேட்டு வாங்கிக் கொல்லை முழுவதும் பந்தல் போட்டோம். செவப்புச் சேவலுக்கு அதுவும் போதாது என்று இரவில் குளியலறையில் கட்டிப்போட்டாள். குளியலறைக்குள் அது கூவினால் மண்டபத்தில் மைக் வைத்ததுபோல் தெரு முழுக்கக் கேட்கும். தெருவே எங்கள் சேவலுக்கு எழுந்தது. நாங்கள் குளிக்கும்போது அது வாளிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளைச் சேவல் என்பதால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

புரட்டாசி முடிந்தது. கறிச்சட்டி பரணிலிருந்து இறங்கியது. அமாவாசையில் கறி ஆகாது. அந்த வருடம் தீபாவளியும் அமாவாசையும் ஒரே நாளில் சேரவில்லை. அதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டபோது என் மனைவி பஞ்சாங்கத்தையே கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதல் நாள் சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். வீடு மீன் மார்க்கெட் மாதிரி இருக்கக்கூடாது என்று வலைப் பந்தலைப் பிரித்துச் சுருட்டி வைத்திருந்தோம். விடிகாலையில் எண்ணெய்க் குளியல். மாப்பிள்ளை குளிக்கப் போகிற இடத்தில் சேவல் இருக்கக்கூடாது அல்லவா? மனைவி அதை அவிழ்த்துவந்து கொல்லையில் ஒரு கூடையைக் கவிழ்த்து அடைத்தாள். பிறகு மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரைக்கும் நல்லெண்ணெய் தேய்த்தாயிற்று. இடுப்பில் ஒரு பழைய துண்டு. எண்ணெய் ஊறட்டும், அதற்குள் தலை தீபாவளிக்காரர் கையால் முதல் வெடி போடட்டும் என்று நான் ஒரு பெரிய சரவெடியை எடுத்துக் கொடுத்தேன். முறைதான் அது. மாப்பிள்ளை "சரிங்க மாமா" என்று கொல்லை முற்றத்தில் விரித்துப் பற்றவைத்தார்.

சரம் வெடித்தது. கூடை குதித்தது. இரண்டாவது தரம் குதித்தபோது புரண்டது. செவப்புச் சேவல் எங்கள் எல்லாருடைய தலைக்கும் மேலே பறந்து, வேலியைத் தாண்டித் தோப்புக்குள் போய்விட்டது.

மனைவி கையில் சீயக்காய்க் கிண்ணத்தோடு வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கருடனையும் மரநாயையும் தாண்டியாயிற்று. கடைசி நாளில் சொந்த வீட்டு வெடி. அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மகள் தன் புருஷன் பக்கம் திரும்பி, அந்தச் சேவல் யாருக்கு, எதற்கு என்று ரெண்டே வார்த்தையில் சொன்னாள்.

மாப்பிள்ளை துண்டை இறுக்கிக் கட்டினார். வேலியைத் தாண்டினார். நானும் பின்னால் ஓடினேன். சத்தம் கேட்டு ஐஸ்காரரும் வந்து சேர்ந்தார். அரைகுறை வெளிச்சத்தில் சவுக்கு மரங்களுக்கு நடுவே அந்தச் சேவல் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! ஒரு மரத்தைச் சுற்றி வரும், எங்களை நிறுத்தி மூச்சு வாங்கவிடும், திரும்ப ஓடும். என் முழங்கால் பாதியிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் பேசாத மாப்பிள்ளையின் குரலைக் கேட்டேன். "மாமா, நீங்க அங்கயே நில்லுங்க, நகராதீங்க. ஐஸ்ணா, லெஃப்ட்ல போ, லெஃப்ட்டு, அது உன் லெஃப்ட்டு இல்ல." காலேஜில் விக்கெட் கீப்பராம். அதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். கடைசியில் ஐஸ்காரர் விரட்ட, சேவல் என் காலுக்கு நடுவில் புகுந்து போக, மாப்பிள்ளை முழு நீளத்துக்குப் பாய்ந்து விழுந்து அதன் இரண்டு காலையும் பிடித்தார்.

திரும்பி வந்தபோது எண்ணெய் உடம்பு முழுவதும் சவுக்கு ஊசியும் மணலும் ஒட்டிப் பலகாரம்போல இருந்தார். முழங்காலில் சிராய்ப்பு. கக்கத்தில் சேவல். மனைவி ஓடிப்போய் முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தாளா, சேவலைப் பார்த்தாளா என்று என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது.

"இந்தாங்க அத்த," என்றார் மாப்பிள்ளை. "உயிரோடதான் கீது."

மத்தியானம் இலை போட்டோம். சேவல் நன்றாகவே வெந்திருந்தது என்று சொல்ல ஆசைதான். காலையில் ஓடிய ஓட்டம் சதையில் இருந்தது. நான் ஒரு துண்டை வாயில் வைத்து, தீபாவளிக்கும் அடுத்த நாள் நோன்புக்கும் சேர்த்து மென்றேன். ஐஸ்காரர் மெதுவாக ரசத்துக்கு மாறிவிட்டார். மாப்பிள்ளை மட்டும் குனிந்த தலை நிமிராமல் தொடைக்கறியோடு போராடிக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு இலையாக எட்டிப் பார்த்தாள்.

சாப்பாடு நடுவிலேயே ஊரப்பாக்கத்திலிருந்து போன். மாப்பிள்ளையிடம் புதுசாகச் செல்போன் இருந்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் என்ன கேட்டார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டோம்.

"நாட்டுக்கோழிதாம்மா," என்றார் மாப்பிள்ளை, வாயில் இருந்ததை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு. "இல்ல, அவங்க சொல்லல. நானே பாத்தேன். அரை மணி நேரம் தொரத்தினேன். பிராய்லரு இந்த ஓட்டம் ஓடாதும்மா."

போனை வைத்துவிட்டு மறுபடியும் தொடைக்கறியைக் கையில் எடுத்தார். என் மனைவி அடுப்படிக்குள் போய்ச் சட்டியோடு வந்தாள். யாரும் கேட்காமலேயே இன்னொரு பெரிய துண்டை அவர் இலையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு "சரிங்க அத்த," என்று அதையும் மெல்ல ஆரம்பித்தார்.